அரைக்கால் திருகு

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கவனித்தேன். முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் நொடியில் ஒரு ‘டொக்’. காதில் விழுந்ததா, உள்ளங்கையில் விழுந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத டொக். கேட்டைத் தாண்டியதும் போய்விடும். அப்புறம் சிக்னலில் முன் பிரேக்கைப் பிடித்தால் மறுபடி ஒன்று. யாரோ வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு விரல் முட்டியால் கதவைத் தட்டுகிற மாதிரி.

வண்டி 2004 மாடல், 100 சிசி. எண்பதாயிரம் கிலோமீட்டரில் ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்தது. அதற்குப் பிறகு ஓடிய கணக்கு சித்திரகுப்தனிடம் கேட்டால்தான் தெரியும். இவ்வளவு ஓடிய வண்டி நாலு இடத்தில் சத்தம் போடத்தான் செய்யும், நானும் எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் இது கையில் தட்டியது. எஞ்சின் சத்தம் போட்டால் பர்ஸ் பயப்படும், ஹேண்டில்பார் சத்தம் போட்டால் நான் பயப்படுவேன்.

பட்டறை அண்ணாச்சி வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் ஒரு உலுக்கு. டொக், டொக்.

“கோன்செட்டு லூசா கெடக்கு. டைட் வச்சிட்டாப் போதும்.”

பெரிய ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்தார். ஹேண்டில்பாருக்குக் கீழே, காடி வெட்டிய வட்ட நட்டு ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும், அதன் காடியில் நுனியைக் கொடுத்தார். சுத்தியலால் மூன்று அடி. மேல் நட்டை முறுக்கினார். அவ்வளவுதான், ஐந்து நிமிஷம், ஐம்பது ரூபாய். திரும்பி வரும்போது கேட்டில் சத்தமே இல்லை. எனக்கு அண்ணாச்சி மேல் மரியாதை கூடியது.

வில்லங்கம் மூன்றாம் நாள் வண்ணார்பேட்டை நெரிசலில் ஆரம்பித்தது. முன்னால் ஒரு டவுன் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கிறது, நானும் பின்னால் ஊர்கிறேன். வண்டி நேராகப் போக மறுத்தது. இடப்பக்கம் லேசாகச் சரியும், நான் திருத்துவேன். திருத்தியது கூடிப்போய் வலப்பக்கம் சரியும், அதையும் திருத்துவேன். டாஸ்மாக் வாசலிலிருந்து கிளம்பி, கடைக்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி நேராக நடக்க முயல்கிற ஆளைப் பார்த்திருப்பீர்களே, அந்த நடைதான். பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “என்னங்க, ராத்திரி சரியா தூங்கலையா? இந்த ஆட்டு ஆட்டுதீங்க?”

வேகம் கொஞ்சம் கூடினால் ஆட்டம் குறைந்துவிடும். ஆனால் வளைவில் சாய்த்தால் சாய்ந்த இடத்திலேயே நிற்கும், நிமிர்த்த ஒரு தள்ளு வேண்டும். காற்று குறைவோ என்று பார்த்தேன், இல்லை. பின்சக்கரம் கோணலோ என்று செயின் அட்ஜஸ்டர் கோடுகளை எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. முன் டயர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நானே ஒரு தீர்ப்பு எழுதி, புது டயர் போட்டேன். காசு போனதுதான் மிச்சம். புது டயரோடு வண்டி இன்னும் அழகாக ஆடியது.

கோன்செட்டைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. அதைத்தான் டைட் வைத்தாயிற்றே! நம் ஊரில் டைட் என்றால் சரி என்று பொருள், லூஸ் என்றால் கோளாறு என்று பொருள். மனுஷனைத் திட்டுவதற்கும் அதே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா வண்டி துடைக்கும்போதுதான் பிடிபட்டது. டபுள் ஸ்டாண்டு போட்டிருந்தேன். எதிர்வீட்டுப் பையன், அப்போது ஒன்பதாம் வகுப்பு, பின்சீட்டில் வந்து கேரியரை ஒட்டி ஏறி உட்கார்ந்தான். வண்டி பின்னால் சாய்ந்து முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. நான் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிவிட்டுக் கையை எடுத்தேன். திருப்பிய இடத்திலேயே நின்றது. வலப்பக்கம் திருப்பினேன். அங்கேயும் சொன்ன பேச்சு கேட்டு நின்றது.

அது நிற்கக் கூடாது. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது நடுவிலிருந்து லேசாகத் தட்டிவிட்டால், தன் கனத்திலேயே ஒரு பக்கமாக விழுந்து ஸ்டாப்பரில் போய் முட்ட வேண்டும். ஃபோர்க் சாய்வாக இருப்பதால் அப்படித்தான் விழும். கிளட்ச் கேபிளும் ஒயர்களும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அதற்குச் சலுகை கொடுக்கலாம். நின்றே போவதற்குச் சலுகை கிடையாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஃபிரேமின் முன்னால் ஒரு குழாய். அதற்குள் ஃபோர்க்கின் தண்டு செருகியிருக்கிறது. குழாயின் மேல்வாயில் ஒரு கிண்ணம், கீழ்வாயில் ஒரு கிண்ணம், ஒவ்வொன்றிலும் வட்டமாகப் பால்ரஸ் குண்டுகள், அவற்றை அணைத்தபடி ஒரு கோன். பழைய சைக்கிளில் இருப்பதும் இதேதான். சின்ன வயதில் சைக்கிள் கடை வாசலில் கிரீஸ் மண்ணைக் கிளறி இந்தக் குண்டுகளைப் பொறுக்கியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மேலே இருக்கிற காடி நட்டை முறுக்கினால் தண்டு மேலே இழுபடும், இரண்டு கிண்ணங்களும் குண்டுகளை நெருக்கும். தளர்த்தினால் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் டொக். நெருக்கம் கூடினால் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் தள்ளாட்டம்.

தள்ளாட்டம் ஏன் என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. இறுக்கினால் நேராகப் போவதல்லவா நியாயம்? சைக்கிள் பழகியதை நினைத்துப் பாருங்கள். பின்னால் பிடித்து ஓடி வந்த அண்ணன்காரன், “ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதல!” என்று கத்தியிருப்பான். இரு சக்கர வண்டி நிற்பது நம் கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் இல்லை. இடப்பக்கம் சாய ஆரம்பித்தால் முன்சக்கரம் தானாகவே இடப்பக்கம் கொஞ்சம் திரும்புகிறது. திரும்பியதும் சக்கரங்கள் சாய்வுக்கு அடியில் வந்துவிடுகின்றன, வண்டி நிமிர்ந்துவிடுகிறது. இது நொடிக்கு நொடி நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. ஹேண்டில்பாரை அசையாமல் பூட்டிவிட்டால் எந்தக் கொம்பனாலும் பத்தடி ஓட்ட முடியாது. சக்கரம் சுழலும் விசைதான் காரணம், முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் ஹேண்டில்பார் அச்சுக்குப் பின்னால் இழுபடுவதுதான் காரணம் என்று நூறு வருஷத்துக்கு மேல் விவாதம் நடந்திருக்கிறது. அந்த இரண்டையும் இல்லாமல் செய்த ஒரு விசித்திர சைக்கிளும் ஆளில்லாமல் நிமிர்ந்து ஓடியதை, நெதர்லாந்தின் டெல்ஃப்டிலும் அமெரிக்காவின் கார்னெலிலும் இருக்கும் ஆய்வாளர்கள் 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஆனால் அதிலும் சாய்ந்த பக்கம் ஹேண்டில்பார் திரும்பத்தான் செய்கிறது. அதை விட்டுக்கொடுத்து எந்த வண்டியும் நிமிர்ந்து நிற்பதாகத் தெரியவில்லை.

ஆகக்கூடி அண்ணாச்சியின் மூன்றாவது அடி, என் வண்டி தானாகச் செய்துகொண்டிருந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டது. அது விட்ட இடத்தை நான் பிடித்தேன், தாமதமாக, கூடுதலாக. அதுதான் ஆட்டம்.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். ஒரு சி ஸ்பேனர் வாங்கினேன், நகம் மாதிரி ஒரு கொக்கி காடியில் போய் உட்காரும். ஸ்குரூடிரைவரும் சுத்தியலும் வைத்து அடித்தால் காடியின் விளிம்பு மழுங்கிப்போகும், அதைவிட முக்கியமாக, எவ்வளவு முறுக்கினோம் என்ற கணக்கு கைக்குத் தெரியாது. அடிக்குக் கணக்கு ஏது?

டேங்க் மேல் பழைய பெட்ஷீட் விரித்தேன். ஹேண்டில்பார் கிளாம்ப்பைக் கழற்றி, கேபிள்களோடு அப்படியே அதன்மேல் சாய்த்து வைத்தேன். என் வண்டியில் முன்னாலும் டிரம் பிரேக். டிஸ்க் உள்ள வண்டியில் ஆயில் டப்பாவை நிமிர்த்தி வைக்க வேண்டும், சாய்த்தால் பெயின்ட் போய்விடும். பையனைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். கையில் ஒரு முறுக்குப் பொட்டலம் கொடுத்தால் அரைமணி நேரம் அசையாமல் இருப்பான்.

முதலில் ஆட்டம் பார்க்கும் முறை. முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுக்க வேண்டும். இன்னொருவர் விரலை, குழாய்க்கும் ஃபோர்க் பிளேட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் வைத்துக்கொண்டால் நல்லது. கோன்செட் லூஸாக இருந்தால் அந்த விரலுக்குத் தெரியும். ஃபோர்க்குக்குள் இருக்கிற தேய்மானமும், வீல் பேரிங் ஆட்டமும் இதே டொக்கைக் கொடுக்கும். ஆனால் அந்த இடுக்கில் அசைவு இருக்காது. எனக்கு விரல் வைக்க வந்தவள் வீட்டம்மாதான். “இதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை சமையலைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னீங்களாக்கும்” என்றாள். விரலை எடுக்கவில்லை.

மேல் நட்டைத் தளர்த்தினேன். அடுத்து ஒரு காரியம் உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், நானும் முதல் தடவை விட்டேன். ஃபோர்க் குழாய் இரண்டையும் மேல் பிளேட் ஒரு முறை பிடித்திருக்கிறது, கீழ் பிளேட் ஒரு முறை பிடித்திருக்கிறது. காடி நட்டைத் திருகும்போது கீழ் பிளேட்டுதான் மேலே ஏறவோ கீழே இறங்கவோ வேண்டும். இரண்டு பிடியும் இறுக்கமாக இருந்தால் அது எங்கே ஏறும்? நட்டு திரும்பும், நமக்கு வேலை நடப்பதாகத் தோன்றும், உள்ளே ஒன்றும் நகராது. ஆகவே ஏதாவது ஒரு பிடியின் போல்டுகளை லேசாகத் தளர்த்தியாக வேண்டும். கழற்ற வேண்டாம், இளக்கினால் போதும்.

பிறகு காடி நட்டைச் சற்று இறுக்கி, ஃபோர்க்கை முழுக்க இடம், முழுக்க வலம் என்று நாலைந்து முறை திருப்பினேன். குண்டுகள் தத்தம் இடத்தில் உட்காரட்டும் என்று. அப்புறம் திரும்பத் தளர்த்த வேண்டும். எவ்வளவு? வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனி சர்வீஸ் புத்தகம் இருந்தால் அதில் சொன்னதுதான் வேதம். பொதுவாக எட்டில் ஒரு பங்கு சுற்று என்பார்கள்.

எட்டில் ஒரு பங்கு! எங்கள் ஆச்சி இருந்திருந்தால் அரைக்கால் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். கால், அதில் பாதி அரைக்கால், அதில் பாதி மாகாணி. மஞ்சள் வாங்கவும் புளி வாங்கவும் அவள் சொன்ன கணக்கு, சின்னப்பிள்ளையில் சிரிப்பாக இருந்தது. சி ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து எட்டில் ஒன்றைக் கண்ணால் அளந்தபோது சிரிப்பு வரவில்லை. பாதி, பாதியில் பாதி, அதில் பாதி. கண்ணுக்கு இதைவிட எளிய வகுத்தல் கிடையாது.

அரைக்கால் திருகு தளர்த்தினேன். சக்கரம் தட்டியதும் விழுந்தது. ஆட்டமும் இல்லை. மேல் நட்டை முறுக்கி, எல்லாப் போல்டையும் இறுக்கி, ஹேண்டில்பாரை மாட்டி, வெற்றிச் சிரிப்போடு மறுபடி தட்டிப் பார்த்தேன். நின்றுவிட்டது.

பத்து நிமிஷம் முழித்த பிறகுதான் விளங்கியது. மேல் நட்டை இறுக்கும்போது அது காடி நட்டையும் கொஞ்சம் கீழே அழுத்துகிறது. மரைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன இடைவெளி மூடுகிறது. கீழே சரியாக வைத்தது மேலே இறுக்கும்போது கூடிப்போகிறது. ஆக, அந்தக் கூடுதலை முன்கூட்டியே யோசித்துக் கொஞ்சம் லூஸாக விட்டுவைக்க வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது, அந்த வண்டிக்கும் அந்தக் கைக்கும் நடுவில் உள்ள விஷயம். கழற்றி, ஒரு மாகாணி கூடத் தளர்த்தி, மறுபடி பூட்டினேன். இப்போது டொக். மூன்றாவது தடவைதான் வாய்த்தது. அதற்குள் முறுக்குப் பொட்டலம் தீர்ந்து, பையன் காராச்சேவுக்கு மாறியிருந்தான்.

சாயங்காலம் வண்ணார்பேட்டைக்கு வேண்டுமென்றே போனேன். வண்டி நூல் பிடித்தாற்போல் ஊர்ந்தது. ஆனால் நேராகப் போகும்போது மட்டும் ஹேண்டில்பார் ஏதோ பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி ஒரு உணர்வு. திரும்ப ஆரம்பிக்கும்போது மெல்லிய ‘டிக்’. மறுநாள் சக்கரத்தைத் தூக்கி, இரண்டு விரலால் மட்டும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் வந்ததும் தானாகவே அமர்ந்தது. அதைத் தாண்ட ஒரு சின்ன உந்து தேவைப்பட்டது.

பள்ளமேதான். இந்தப் பேரிங்கின் தலையெழுத்து அப்படி. சக்கரத்தில் இருக்கிற பேரிங் நாள் முழுக்கச் சுற்றுகிறது, அடியைப் பங்கு போட்டு வாங்குகிறது. கோன்செட் சுற்றுவதே இல்லை. ஊருக்குள் திரும்பும்போது கொஞ்சம் அசைகிறது, மற்ற நேரமெல்லாம் நேர்ப் பார்வையில் சும்மா நிற்கிறது. ஆனால் ஸ்பீடு பிரேக்கர், குழி, தண்டவாளம் எல்லாவற்றின் அடியும் ஃபோர்க் வழியாக ஏறி அங்கேதான் வந்து சேர்கிறது, அதிலும் கீழ்க் கிண்ணத்தில். ஒவ்வொரு குண்டும் தன் கீழே இருக்கிற ஒரே புள்ளியில் வருஷக்கணக்கில் குத்திக்கொண்டே இருக்கிறது. குத்திக் குத்தி ஒரு குழி. இதற்கு எஞ்சினியர்கள் வைத்த பேர் பிரினெல்லிங். எஃகு குண்டை உலோகத்தில் அழுத்தி, விழும் குழியை அளந்து கடினத்தைக் கணக்கிடும் முறையை 1900-ல் கொண்டுவந்த ஸ்வீடன்காரர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் பேரால் வந்தது. அவர் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையை நம் நகராட்சி ரோட்டில் இலவசமாகச் செய்கிறது.

போலி பிரினெல்லிங் என்று இன்னொன்று உண்டு. அடியே வேண்டாம், நின்ற இடத்தில் நடுங்கினாலே போதும். 1930-களில் அமெரிக்காவில் புதுக் கார்கள் ரயிலேறி ஊர் போய்ச் சேரும்போதே வீல் பேரிங் கெட்டுக் கிடந்தன. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத கார். ஆல்மென் என்ற எஞ்சினியர் 1937-ல் காரணத்தை எழுதினார்: சுற்றாமல் நின்ற பேரிங், ரயிலின் அதிர்வில் ஒரே இடத்தில் உராய்ந்து, கிரீஸைப் பிதுக்கித் தள்ளிவிட்டு உலோகத்தைத் தின்றிருக்கிறது. தூரம் கூடக் கூடச் சேதமும் கூடியதாம். சென்னையிலிருந்து ரயில் பார்சலில் வண்டி அனுப்பும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இது ஞாபகம் வந்து தொலைக்கிறது.

ஓவர் டைட் கிண்ணத்துக் குழியை இன்னும் வேகமாக வெட்டும், லூஸும் வெட்டும், ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் குண்டு எகிறி எகிறி இடிக்கும் அல்லவா? இரண்டுக்கும் கூட்டாளி வாட்டர் சர்வீஸ். ஹெட்லைட்டுக்குப் பின்னால் பீய்ச்சுகிற தண்ணீர் நேராகக் கிண்ணத்துக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடும். வண்டி பளபளப்பாக வீடு திரும்பும், உள்ளே துரு தொடங்கியிருக்கும்.

குழி விழுந்ததை அட்ஜஸ்ட் செய்ய முடியாது. நடுவில் சரியாக வைத்தால் ஓரத்தில் இறுகும், ஓரத்தில் சரியாக வைத்தால் நடுவில் ஆடும். செட்டாக மாற்றத்தான் வேண்டும். கிண்ணத்தை அடித்து எடுப்பது என் கைக்கு மீறிய வேலை, அதனால் புது கோன்செட்டை வாங்கிக்கொண்டு மறுபடி அண்ணாச்சியிடமே போனேன். நான் எழுதுவதை வைத்து அவரைக் கைப்பக்குவம் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். குழாய்க்குள் நீளக் கம்பியை விட்டு, கிண்ணத்தின் விளிம்பில் மாற்றி மாற்றித் தட்டிக் கோணாமல் இறக்கினார். புதுக் கிண்ணத்தை ஏற்றும்போது பழையதைக் கவிழ்த்து மேலே வைத்து அடித்தார். முழுசாக உட்கார்ந்ததும் அடியின் ஓசை மாறும், பொள்ளல் போய்க் கனத்துவிடும். அந்த ஓசைக்காகக் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் நிறைய கிரீஸ் அப்பி அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தார். கடைசியில் ஒரு குண்டு நுழையாத அளவு இடம் மிச்சம் இருந்தது. “இன்னொண்ணு போடலாமா?” என்று கேட்டேன். “அவங்களுக்கும் கொஞ்சம் நகர இடம் வேண்டாமா?” என்றார்.

பழைய கீழ்க் கிண்ணத்தைத் துடைத்துக் கையில் கொடுத்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தால் வட்டமாக, சீரான இடைவெளியில், குண்டுக்கு ஒன்றாகக் குழிகள். பல் வரிசை மாதிரி.

இறுக்கும் நேரம் வந்ததும் ஸ்குரூடிரைவரை எடுத்தார். நான் பையிலிருந்து சி ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். போன தடவை வைத்த டைட்டில் வண்டி ஆடிய கதையை அப்போதுதான் சொன்னேன்.

“எனக்குத் தெரியாதா?” என்றார், நட்டைத் திருகியபடி. “வாறவன் எல்லாரும் டைட் வைங்கன்னுதான் சொல்லுதான். லூசு வைங்கன்னு எவன் கேக்கான்? அரைக்கொறையா வச்சு அனுப்பினா, மறுநா டொக்குனு வந்து நிப்பான். டைட்டா வச்சா ஒருத்தனும் திரும்ப வாறதில்ல. டயரை மாத்திக்கிட்டுப் போயிருவான்.”

என் புது டயரை அவர் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

புதுக் கிண்ணம் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னும் கொஞ்சம் உள்ளே உட்காரும், ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடியே அடுத்த மாதம் மெல்லிய டொக் வந்தது. பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு மாகாணி இறுக்கினேன். ஒரே தடவையில் அமைந்தது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், தட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அந்தப் பையன் இப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். செகண்ட் ஹேண்டில் ஒரு வண்டி வாங்கியிருக்கிறான், 150 சிசி, முன்னால் டிஸ்க். போன வாரம் சி ஸ்பேனரைக் கேட்டு வாசலில் வந்து நின்றான். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகவில்லை.

“மாமா, நீங்களும் வரணும். பின்னாடி உக்கார ஆள் இல்ல.”

ஏறி உட்கார்ந்தேன். முன்சக்கரம் உடனே எழும்பியது, அன்றைக்கு அவன் உட்கார்ந்தபோது எழும்பியதைவிடச் சுலபமாக. கையில் ஒரு காராச்சேவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அவன் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.